கத்தி பட்ட பீட்ரூட்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இதை எழுதிவிட்டு அந்த வரியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் யோசிக்காமல் எழுதுகிற வரி இது. இந்த முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், அதனால் நீ இதை நம்பலாம். நீயும் நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன், ஆனால் அதைப் பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு என்பார், நீ சாப்பிட்டீர்களா என்பாய், நாங்கள் நீ சாப்பிட்டாயா என்போம், மூன்று பேரும் சாப்பிட்டாயிற்று என்று உறுதியானதும் வைத்துவிடுவோம். இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. உனக்கு எழுதப்போவதை அவரிடமும் சொல்லிவிட்டேன். எழுது, ஆனா முதல்ல தோட்டத்தப் பத்தி எழுது, எடுத்த எடுப்புல அதப் போட்டு பாப்பாவ பயமுறுத்தாத என்றார். ஆகவே தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். நடுவில் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசிக்கு ஓடாதே. முடிவு மோசமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பீட்ரூட் விதைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாயே, அது ரொம்ப நாள் உப்பு ஜாடிக்குப் பின்னால் கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் உன் அப்பா அதை எடுத்து, அவர் மாட்டவேண்டிய கட்டடத்தில் புது லிஃப்ட் வந்திறங்கினால் அதோடு வரும் புத்தகத்தைப் படிப்பாரே, அதேபோலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தின் முதுகில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் படித்தார். அன்றைக்கே துணி காயப்போடும் கம்பிக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் கொத்தத் தொடங்கினார். வேலையிடத்தில் கழற்றிப் போட்ட தகடுகளைக் கொண்டுவந்து பாத்திக்குக் கரை கட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பாத்தி மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மனிதரோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது. கல்லையெல்லாம் சலித்து எடுத்தார், கல் தட்டினால் கிழங்கு இரண்டு காலாகப் பிரிந்துவிடுமாம். விதையை ஊறவைத்து, விரல் கணு ஆழத்தில் போட்டார். பீட்ரூட் விதை என்று நாம் பார்ப்பது ஒரு விதை இல்லை, பல விதைகள் ஒட்டிக்கொண்ட சின்ன உருண்டை. ஒன்றைப் போட்டால் மூன்று நான்காக முளைக்கும். அதில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் பருக்காது. இதை நான் சொன்னதற்கு, மொளச்சு வந்ததப் போய் பிடுங்கச் சொல்றியே, உனக்கு நெஞ்சுல என்ன கல்லா இருக்கு என்று கேட்டார். நான் தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் இருப்பவள், நெஞ்சைச் சோதித்துப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர் பிடுங்கவில்லை. ஒவ்வொன்றையும் ஸ்பூனால் தோண்டி எடுத்துப் பெயிண்ட் வாளி, விரிசல் விட்ட பேசின், உன் பழைய விளையாட்டுப் பெட்டி என்று அகப்பட்டதிலெல்லாம் நட்டார். சித்தப்பா வந்தவர் வாசலிலேயே நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அண்ணே, தோட்டம் போடுவன்னு பாத்தா அநாதை இல்லம் நடத்துறியே என்றார். வாளியில் போனவை எல்லாம் எலிவால் போல நின்றுவிட்டன. பாத்தியில் இடம் கிடைத்தவை மட்டும் நன்றாக வந்தன, மண்ணுக்கு மேலே கிழங்கின் தோள் தெரியத் தெரிய அதற்கு மண்ணை அணைத்துவிடுவார். தண்ணீரை ஒரு நாள் கொட்டி மறுநாள் மறந்தால் கிழங்கு வெடிக்கும் என்று, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குழாயைத் திறப்பார். பிடுங்கிய பிறகு ஒரு சட்டம் வைத்திருந்தார். இலைத்தண்டைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் திருகித்தான் எடுக்க வேண்டும், இரண்டு விரல் நீளத் தண்டு கிழங்கோடு நிற்க வேண்டும், அடியில் இருக்கும் வாலையும் தொடக் கூடாது, தோலோடு வேகவைக்க வேண்டும். வெட்டினால் சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிக் கிழங்கு வெளுத்துவிடும். ஒருமுறை அவசரத்தில் நான் கத்தியை எடுத்தேன். ஐயோ ரத்தம் வருது பாரு, ரத்தம் வருது பாரு என்று கையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

முதல் அறுவடையில் நன்றாகத்தான் சாப்பிட்டார். துருவித் தயிரில் கலந்து, மிளகு போட்டுச் சூப்பாக, சும்மா துண்டு போட்டு. மறுநாள் காலை குளியலறையிலிருந்து வந்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, இங்க வா, பாப்பாவுக்குச் சொல்லாத, எனக்கு என்னமோ ஆயிடுச்சு என்றார். சிறுநீர் சிவப்பாக வந்திருக்கிறது. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்கு அப்படி வரும் என்றேன். நம்பவில்லை. எனக்கும் ஒருவர் சொல்வதை வைத்து எதையும் நம்புகிற வழக்கம் இல்லை, அது நானே சொன்னதாக இருந்தாலும். ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லி அதில் சலவைச் சோடாவைப் போட்டேன். பீட்ரூட்டின் சிவப்பு, சோடாவில் இருக்கும் காரத்தன்மை மிகுந்தால் மஞ்சளாகிவிடும், ரத்தம் அப்படி ஆகாது. சிவப்பு மெல்ல மஞ்சளானது. அவருக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். (அந்தக் குவளையை அன்றே எறிந்துவிட்டேன், கவலைப்படாதே.) சித்தப்பாவிடம் போய்ப் பெருமையாகச் சொல்ல, சித்தப்பா எனக்குப் போன் செய்து, அண்ணி, கடைசியில அண்ணனையும் சோதனைக்குழாய்ல போட்டுட்டீங்களே, பாஸா ஃபெயிலா என்று கேட்டார். பாஸ் என்று நானும் சொன்னேன். அந்தச் சோதனை, அன்றைக்கு அந்தக் குவளையில் பீட்ரூட் இருந்தது என்று மட்டும் சொன்னது. வேறொன்றும் இல்லை என்று அது சொல்லவில்லை. அடுத்த நாளைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட்டு எல்லாக் காலத்துக்கும் நல்லது என்று யாரும் முத்திரை குத்துவதில்லை. உன் அப்பா குத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஆய்வகப் பயிற்சிக்காகச் சில நாள் வெளியூர் போய்விட்டு வந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் பீட்ரூட் இல்லாத நாளே இல்லாமல் போனது. ஒரு பாத்தி முடிவதற்குள் அடுத்த பாத்தி, அது முளைப்பதற்குள் இன்னொன்று. காலையில் பச்சையாகத் துருவிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஆரம்பித்தால் விட மாட்டார் என்று உனக்குத் தெரியும், ஒரு வருடம் முழுக்கக் கடிகாரங்களாகப் பிரித்துப் போட்டாரே, அதுபோல இது ஒரு பைத்தியம், தானாகத் தெளியும் என்று விட்டுவிட்டேன். சலிப்பாக இருக்கிறது, இன்றைக்கு வேறு ஏதாவது சமைக்கலாமே என்றால், நீ வேணா செஞ்சு சாப்பிடு, எனக்கு இது இல்லாம இறங்காது என்பார். பிறகு வெயில் ஏறியது. பாத்தியில் இருந்தவையெல்லாம் நடுத்தண்டை நீட்டிப் பூவுக்குப் போய்விட்டன, அப்படிப் போனால் கிழங்கு மரக்கட்டைதான். வாளிகளில் ஒன்றும் இல்லை. இனி கொஞ்ச நாள் நாக்குக்கு விடுதலை என்று நினைத்தேன். அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தொட்டியில் பீட்ரூட் கிடந்தது, ஈர மண் ஒட்டிக்கொண்டு, இப்போதுதான் பிடுங்கியதுபோல. மூலையில தப்பிப் பொழச்சது கொஞ்சம் இருந்துச்சு என்றார். நான் கழுவினேன். மண் வழிந்ததும் தலைப்பக்கம் தெரிந்தது. தண்டு திருகப்படவில்லை, கத்தியால் ஒட்ட நறுக்கியிருந்தது. அடியில் வாலும் இல்லை. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். வேகவைத்தேன், பாத்திரத்துத் தண்ணீர் முழுக்கச் சிவந்து கிழங்கு வெளிறிப்போனது. பின்னால் போய்ப் பார்த்தேன், மூலையில் களை கலையாமல் இருந்தது, ஒரு குழி கூட இல்லை. கடையில் பீட்ரூட் வாங்குவது குற்றமா என்ன? நாம் எல்லோரும் வாங்கியதுதான். வாங்கியதற்கு மண் பூசியதுதான் எனக்குப் புரியவில்லை. பெருமைக்காக என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் பெருமைக்காரர் கடையில் வாங்கியதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்ல வெட்கப்படுவார், பெண்டாட்டியிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அவர் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, கடையில் வாங்கினீர்களா என்றேன். ஆமா, வாங்கினேன், அதுக்கென்ன இப்ப என்றார். மண் எதற்குப் பூசினீர்கள் என்றேன். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் நச்சரிக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும், உட்கார்ந்திருக்க மட்டும் தெரியும். விளம்பரம் முடிந்த பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். நீ அந்தப் பயிற்சிக்குன்னு வெளியூர் போனியே, அப்ப நான் பீட்ரூட்டே தொடல, ஓட்டல்லதான் சாப்பிட்டேன், அப்பவும் அப்படித்தான் வந்துச்சு என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார், நீ வந்த அன்னிக்கே போய் ரெண்டு பிடுங்கிச் சாப்பிட்டேன், சாப்பிட்டா அதுனாலதான்னு நெனச்சுக்கலாம்ல. அவ்வளவுதான் சொன்னார். இத்தனை பாத்தியும் இத்தனை வாளியும் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரிந்தது. சிவப்புக்கு ஒரு காரணம் தினமும் தட்டில் இருக்க வேண்டும், அதற்காகவே வளர்த்திருக்கிறார். பாத்தி கைவிட்டதும் கடைக்குப் போயிருக்கிறார். தோட்டத்தில் ஒன்றுமில்லை, கடையில் வாங்குகிறார் என்று தெரிந்தால் நான் ஏன் என்று கேட்பேன் என்பதற்காக மண். மனிதர் இப்படியும் செய்வாரா என்று கோபம்தான் முதலில் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் லேசாக முனகினால்கூட ஆளை ஏற்றாமல் நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பார்க்கிறவர் நீங்கள், சத்தம் வந்தா சும்மா வராது என்று எல்லோருக்கும் சொல்கிறவர் நீங்கள் என்றேன். லிஃப்டுன்னா ரிப்பேர் பண்ண நான் இருக்கேன், எனக்கு யார் இருக்கா என்றார். நாளைக்கு லீவு போடுங்கள், நானும் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சோடா வித்தைய இன்னொரு தடவை பண்ணிப் பாரேன் என்று சின்னக் குரலில் கேட்டார். மாட்டேன் என்றேன். சமையலறையில் பார்த்துத் தீர்க்கிற கட்டத்தைத் தாண்டியாயிற்று.

மருத்துவருக்கு உன்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். வலி இருக்கா என்று கேட்டார். இல்லவே இல்ல டாக்டர், ஒரு துளி வலி கிடையாது என்று உன் அப்பா ஏதோ நல்ல மதிப்பெண் வாங்கியதுபோலச் சொன்னார். வலி இல்லாம வர்ற ரத்தத்ததான் நாங்க விட மாட்டோம் சார் என்று அவர் சொன்னதும் இவருடைய கை என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது, வெளியே வரும்வரை விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு சிறு குழாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் காளான் போல ஒன்று இருந்தது. அதே வழியாக உள்ளே போய் எடுத்துவிட்டார்கள், வெளியில் ஒரு தையல்கூட இல்லை. எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த நாட்களில்தான் போனில் நீ என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், நான் ஆய்வகத்தில் வேலை அதிகம் என்றேன். முடிவு வந்துவிட்டது. அது கெட்ட வகைதான், அந்தப் பெயரை உன்னிடம் மறைக்கப்போவதில்லை, புற்றுதான். ஆனால் மேலோட்டமாக இருந்திருக்கிறது, தசைக்குள் இறங்கவில்லை. சுத்தமாக எடுத்தாயிற்று. திரும்பி வரக்கூடிய சுபாவம் உள்ளதாம், அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அநேகமாகப் பல வருடங்களுக்கு. இன்னும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். மருத்துவர், விடலையே மேடம், அதப் பேசுவோம் என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. உன் அப்பா வார்டில் எல்லோரிடமும், இத்தன வருஷமா நான் லிஃப்ட் குழிக்குள்ள எட்டிப் பாத்தேன், இப்ப என் குழிக்குள்ளயே எட்டிப் பாத்துட்டாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா வந்து படுக்கையருகே நின்று எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தார், முடியவில்லை, வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, பிறகு சொன்னார். இப்போது அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், டிவியைப் பார்த்து அரசியல்வாதிகளைத் திட்டுகிறார். அதனால்தான் முதல் வரியை யோசித்து எழுத முடிந்தது.

பீட்ரூட்டுக்கு மருத்துவர் தடை போட்டுவிட்டார். உடம்புக்குக் கெடுதல் என்பதால் இல்லை, நிறம் குழப்பக் கூடாது, சிவப்பு வந்தால் அது என்ன என்று எனக்கு உடனே தெரியணும் என்றார். இந்த வீட்டில் இனி ஒரு சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான். அப்படியிருந்தும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே உன் அப்பா பின்பக்கம் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு என்னைக் கொத்தவைத்தார். குனியக் கூடாது என்று அவருக்குத்தான் உத்தரவு, எனக்கு இல்லையாம். வெயில் இறங்கிவிட்டது, மண் பதமாக இருக்கிறது, பொட்டலத்தில் இன்னும் கொஞ்சம் விதை இருக்கிறது என்றார். யார் சாப்பிடுவதற்கு என்றேன். நீ போடு என்றார். முளைத்தது. இந்தத் தடவை நான் கேட்கவில்லை, அவரே, அதிகமா இருக்கிறத எடுத்துடு, விட்டா எதுவும் ஒழுங்கா வராது என்றார். எடுக்கும்போது நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் எடு என்று அவர்தான் சொன்னார். பிடுங்கிய தளிரை நான் பச்சையாகவே மென்றேன், மோசமில்லை. ரசமட்டம் வைக்காததால் பாத்தி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அதைத் தினமும் சொல்லிக்காட்டுகிறார். யாருக்கு என்று நான் மறுபடி கேட்டதற்கு, பாப்பாவுக்கு லீவு எப்ப கிடைக்கும்னு சொன்னா, அப்ப சரியா இருக்கும் என்றார். வா என்று உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டிய நிலை இல்லை, வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் நானே உன்னைத் திருப்பி அனுப்புவேன். உனக்குரிய விடுமுறை வரும்போது வா. பீட்ரூட் மண்ணுக்குள் கொஞ்ச காலம் பொறுத்திருக்கும்.

இப்போது அந்தக் கேள்வி. போனில் நீ இருமுகிறாய். முதலில் அந்த ஊர்க் குளிர் என்றாய். குளிர் போனதும் புது அறையின் தூசி என்றாய். அறையை மாற்றியதும் ஆபீஸ் ஏசி என்கிறாய். ஒவ்வொன்றும் நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ உன் அப்பாவின் மகள். உன் இருமலுக்கு நீ எந்தப் பீட்ரூட்டைத் தின்றுகொண்டிருக்கிறாய்? அது வெறும் தூசியாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருக்கட்டும், அதை ஒரு மருத்துவர் சொல்லட்டும். இந்த வாரமே போய்க் காட்டு. காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, நல்லா இருக்கேன் என்று எழுதாதே.

ஆசீர்வாதம் செய்ய எனக்குச் சரியாக வராது, உன் அப்பாதான் நீளமாகச் செய்வார், அதைப் போனில் கேட்டுக்கொள். என் பங்குக்கு: உடம்பு சொல்வதை நீ கேட்க வேண்டும், கேட்டதை ஒளிக்காமல் சொல்ல உனக்கு எப்போதும் ஆள் இருக்க வேண்டும், நீண்ட நாள் நன்றாக இரு. இது கிடைத்த பிறகு போனில் பேசும்போது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நீயே அவரிடம் சொல்லிவிடு, அவராக ஆரம்பிக்கத் தெரியாமல் தவிக்கிறார். முதலில் பாத்தியைப் பற்றிக் கேள், அது சாய்ந்திருப்பதைப் பற்றிப் புகார் சொல்லட்டும். வருவதற்குள் நகத்தை வெட்டிக்கொள், இங்கே மண்ணில் வேலை இருக்கிறது. நீதான் பிடுங்க வேண்டும், தண்டைக் கையால் திருகு. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அம்மா